தாத்தாவின் வயலினுக்கு எவ்வளவு தொகை எழுதுவது?

குன்னூர் பெட்ஃபோர்டிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா வாசித்த வயலின் வீட்டில் இருக்கிறது. உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டில் அந்தோனியஸ் ஸ்ட்ராடிவாரியஸ், கிரெமோனா, 1721 என்று லத்தீனில் அச்சடித்திருக்கிறதாம். 1950களில் ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு வெள்ளைக்கார எஸ்டேட் மேனேஜரிடம் தாத்தா வாங்கியது. அது போக, வீட்டை வாங்கும்போதே ஹாலில் நின்றிருந்த ஒரு பழைய அப்ரைட் பியானோ. வீட்டுக்குக் காப்பீடு எடுக்கப் போன இடத்தில் ஏஜென்ட், "வயலினுக்கு ஒரு பத்து லட்சம், பியானோவுக்கு அஞ்சு லட்சம்னு போட்டுக்கலாம் சார்" என்றிருக்கிறார். போடலாமா, எதை வைத்துத் தொகை எழுதுவது, சான்றிதழ் யாரிடம் வாங்குவது என்பது தம்பியின் கேள்வி.

அப்படிப் போட வேண்டாம் தம்பி. ஊட்டியிலும் குன்னூரிலுமாக 30 வருடத்துக்கு மேல் வயலின், வீணை, ஆர்மோனியம், பியானோ என்று பழுது பார்த்து வருகிறேன். காப்பீட்டுப் பணம் ஒழுங்காக வந்து சேர்ந்த வீடுகளும் தெரியும், வராமல் போன வீடுகளும் தெரியும். வராமல் போன இடங்களில் பெரும்பாலும் எழுதிய தொகைக்கு ஆதாரம் இல்லாததுதான் காரணமாக இருந்தது. அதனால் தொகையைப் பற்றியும் சொல்கிறேன், அந்தத் தொகைக்குப் பின்னால் நிற்க வேண்டிய காகிதத்தைப் பற்றியும் சொல்கிறேன். இரண்டில் எனக்குக் காகிதம்தான் பெரிது.

ஒரு வாத்தியத்துக்கு ஒரே விலை கிடையாது. நாளைக் காலையில் அவசரமாகப் பணம் வேண்டும் என்று வியாபாரியிடம் கொண்டுபோனால் அவர் தருவது ஒரு விலை. ஏலத்தில் விட்டால் போவது இன்னொரு விலை. அதே தரம், அதே வயது, அதே நிலையில் உள்ள ஒன்றைக் கடைக்காரர் சரிசெய்து, கம்பிகளைத் தாங்கும் 'குதிரை'யைப் புதிதாகச் செதுக்கி, கம்பி மாட்டி நமக்கு விற்பது மூன்றாவது விலை. காப்பீட்டுக்கு இந்த மூன்றாவதுதான் வேண்டும். வயலின் போன மறுநாள், அதற்கு ஈடான ஒன்று உங்கள் கைக்கு வந்துசேர எவ்வளவு ஆகும்? அதை எழுத வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால்தான் கிடைக்கும் என்றால் சுங்க வரியும் அனுப்பும் செலவும் அதில் சேரும். பியானோ என்றால் மேட்டுப்பாளையத்திலிருந்து 14 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் வண்டி வாடகையும், எட்டுப் பேர் தூக்கும் கூலியும் சேரும். ஏலக்காரர் சொல்லும் உத்தேச விலையை அப்படியே பாலிசியில் எழுதுகிறவர்கள் இதில்தான் ஏமாந்து போகிறார்கள். அந்த விலைக்குக் கடையில் அதே பொருள் கிடைக்காது.

தாத்தா வாசித்தது என்ற பாசத்துக்குப் பாலிசியில் இடம் கிடையாது. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. என் அப்பாவின் ஆர்மோனியம் என்னிடம் இருக்கிறது, அதை எந்த விலைக்கும் நான் கொடுக்க மாட்டேன். ஆனால் நஷ்டத்தை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் அந்தக் கணக்கைப் பார்க்க முடியாது. தாத்தா வானொலியிலோ சபாக்களிலோ வாசித்தவர் என்றால் மட்டும் அந்த அழைப்பிதழ்கள், வானொலி நிலையக் கடிதங்கள், அதே வயலினோடு எடுத்த படங்கள் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள். மதிப்பிடுபவர் அதைக் கணக்கில் எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம். ஆனால் 'இது எங்களுடையது, இத்தனை வருடமாக எங்களிடம் இருக்கிறது' என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

சரி, சீட்டுக்கு வருவோம். அதில் பெயர் உள்ள ஸ்ட்ராடிவாரி, இத்தாலியின் கிரெமோனாவில் வாழ்ந்து 1737இல் இறந்த புகழ்பெற்ற வயலின் கைவினைஞர். அவர் செய்தவற்றில் இன்று ஏறக்குறைய 650 வாத்தியங்கள் மிஞ்சியிருப்பதாகச் சொல்வார்கள். அநேகமாக ஒவ்வொன்றும் யார் யார் கையில் இருந்தது என்ற வரலாறோடு பதிவாகியிருக்கிறது. உங்கள் சீட்டில் உள்ள அதே 1721இல் அவர் செய்த 'லேடி பிளண்ட்' என்ற வயலின் 2011இல் 98 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. ஜப்பான் நிலநடுக்க நிவாரணத்துக்காக விற்றார்கள். அந்தச் செய்தி வந்த வாரம் என்னிடம் மூன்று பேர் வயலினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மூன்றிலும் ஸ்ட்ராடிவாரி சீட்டு இருந்தது.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷன், எல்லைக்கு அந்தப் பக்கம் பொஹீமியாவில் ஷோன்பாக், பிரான்ஸில் மிர்கூர் ஆகிய ஊர்களில் வயலின் செய்வது குடிசைத் தொழிலாக நடந்தது. ஒரு வீட்டில் தலைச்சுருளை மட்டும் செதுக்குவார்கள், இன்னொரு வீட்டில் மேல்பலகை மட்டும், வேறொருவர் சேர்த்து ஒட்டி வார்னிஷ் அடிப்பார். டஜன் கணக்கில் விலை பேசி உலகம் முழுக்க அனுப்பினார்கள். எந்த மாதிரியைப் பார்த்துச் செய்தது என்று காட்டத்தான் அதில் ஸ்ட்ராடிவாரி, குவார்னேரி, அமாட்டி என்று பழைய பெரிய கைவினைஞர்களின் பெயரில் சீட்டு ஒட்டினார்கள். வாங்கியவருக்கும் அது தெரியும். மூன்று தலைமுறை தாண்டி, தெரிந்தவர்கள் எல்லாம் போன பிறகுதான் அது பொய்ச் சீட்டு ஆனது.

அந்தச் சீட்டிலிருந்தே காலத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பிரிட்டன் 1887இலும் அமெரிக்கா 1890இலும், வெளிநாட்டிலிருந்து வரும் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று குறிக்கச் சொல்லிச் சட்டம் கொண்டுவந்தன. ஆகவே சீட்டின் அடியிலோ வேறெங்கோ ஜெர்மனி என்று நாட்டின் பெயர் அச்சாகியிருந்தால் அந்த வயலின் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. செக்கோஸ்லோவாக்கியா என்று இருந்தால் 1918க்கு முன்னால் இருக்கவே முடியாது, அந்தப் பெயரில் நாடே அதற்குப் பிறகுதான் வந்தது. நாட்டின் பெயர் இல்லை என்பதாலேயே பழையது என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. சீட்டைக் கிழித்துவிட்டு வேறு ஒட்டுவது ஐந்து நிமிட வேலை.

இதைக் கேட்டு மனம் உடைந்துவிட வேண்டாம். டஜன் வயலின்களிலேயே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் உண்டு. ஒரு சின்ன டார்ச்சும், பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியும் கிடைத்தால் நீங்களே கொஞ்சம் பார்க்கலாம். ஓரத்தைச் சுற்றி ஓடும் கறுப்பு வெள்ளைக் கோடு மரத்தில் பதித்ததா, வெறுமனே மையால் வரைந்ததா? மேல்பலகைக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் கட்டை தனியாகச் செதுக்கி ஒட்டியதா, பலகையிலேயே விட்டுச் செதுக்கியதா? உள்மூலைகள் நான்கிலும் கட்டை வைத்திருக்கிறதா? வரைந்த கோடு, பலகையோடு சேர்ந்த கட்டை, வெறும் மூலை என்றால் மலிவு வகை. பதித்த கோடும் ஒட்டிய கட்டையும் கூர்மையாகச் செதுக்கிய தலைச்சுருளும் இருந்தால் நல்ல பட்டறை வேலையாக இருக்கலாம். அப்படிப்பட்டதற்கு இன்று மரியாதையான விலை உண்டு.

அடுத்தது நிலை. விரிசலில் எல்லாம் ஒன்றல்ல. மேல்பலகையில் கம்பிக்குப் பக்கத்தில் ஒரு பழைய விரிசல் நன்றாக ஒட்டியிருந்தால் பெரிய நஷ்டம் இல்லை. உள்ளே நிற்கும் சின்னக் குச்சி, அதை நாங்கள் சவுண்ட் போஸ்ட் என்போம், அது ஊன்றும் இடத்தில் பின்பலகை பிளந்திருந்தால் விலை பாதிக்கும் கீழே போய்விடும். எவ்வளவு நன்றாக ஒட்டினாலும் சரி. எங்கள் பக்கத்து வாசிப்பில் இன்னொன்றும் பார்ப்பேன். தரையில் உட்கார்ந்து தலைச்சுருளைப் பாதத்தில் ஊன்றி வாசிப்பதால் சுருளின் முகத்தில் வார்னிஷ் போய் மரம் மழுங்கியிருக்கும், வியர்வையும் விபூதியும் தோள்பக்கம் ஊறியிருக்கும். லண்டனில் இருந்து படம் பார்ப்பவருக்கு அது வெறும் தேய்மானம். இந்த வயலின் 40 வருடம் கச்சேரி வாசித்தது என்பது எனக்கு அதில் தெரியும். அதை மதிப்பிடுபவரிடம் சொல்லுங்கள், ஆனால் அதற்காக விலை ஏறும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

வில்லைப் பெட்டியில் மறந்துவிடாதீர்கள். இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒருமுறை கோத்தகிரியிலிருந்து வந்த ஒரு பெட்டியில் வயலின் சாதாரணம், வில் பெர்னம்புகோ மரத்தில் செய்து வெள்ளி பதித்த பிரெஞ்சு வேலை. வயலினைப் போலப் பல மடங்கு மதிப்பு. அவர்கள் வீட்டுக் குழந்தை அதை வைத்துக் கத்திச் சண்டை விளையாடிக்கொண்டிருந்தது. பிடிக்கும் இடத்துக்குச் சற்று மேலே குச்சியில் பெயர் முத்திரை இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். பிரேசிலில் மட்டும் வளரும் அந்த மரத்தின் வணிகத்துக்கு 2007 முதல் சர்வதேசக் கட்டுப்பாடு இருக்கிறது. பாலிசியில் வில்லுக்குத் தனி வரி, தனித் தொகை எழுதச் சொல்லுங்கள். 'வயலின் செட்' என்று ஒரே வரியில் எழுதினால், வில் மட்டும் உடையும்போது எவ்வளவு என்பதற்கு முடிவில்லாத வாக்குவாதம்தான்.

இப்போது சான்றிதழ். நான் பழுது பார்ப்பவன், மதிப்புச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பதில்லை. நிலை பற்றி ஒரு குறிப்பு தருவேன், அவ்வளவுதான். பழைய வயலின்களை வாங்கி விற்று அனுபவம் உள்ள ஒருவரின் கையெழுத்து வேண்டும். சென்னையிலும் பெங்களூரிலும் அப்படிப்பட்ட பட்டறைகளும் கடைகளும் உள்ளன. வெளிநாட்டு ஏல நிறுவனங்கள் சில, தெளிவான படங்கள் அனுப்பினால் கட்டணமின்றியே உத்தேசம் சொல்கின்றன. தரத்தைத் தெரிந்துகொள்ள அது மிகவும் உதவும், ஆனால் முன்னே சொன்ன மாதிரி அது ஏல விலை. மதிப்பில் இத்தனை சதவீதம் கூலி என்று கேட்பவரிடம் போகாதீர்கள். தொகையை உயர்த்தினால் அவருக்கு லாபம் என்ற நிலையில் ஒருவர் எழுதும் காகிதத்தை நான் நம்ப மாட்டேன். ஒரு தடவைக்கு இவ்வளவு என்று வாங்குபவர் நல்லவர். விலை சொல்லிவிட்டு "எனக்கே கொடுத்துவிடுங்களேன்" என்று கேட்பவரிடமும் எச்சரிக்கை.

அந்தக் காகிதத்தில் என்ன இருக்க வேண்டும்? உரிமையாளர் பெயர், பார்த்த தேதி, 'காப்பீட்டுக்காக, மாற்று வாங்கும் சில்லறை விலை அடிப்படையில்' என்ற வாசகம். பின்பலகையின் நீளம் மில்லிமீட்டரில் (முழு அளவு வயலினுக்கு 355 பக்கம் இருக்கும்), ஒரே பலகையா இரண்டு துண்டா, மரத்தின் வரி எப்படி, வார்னிஷ் நிறம், ஒவ்வொரு விரிசலும் பழுதும் எங்கே என்பது. மேல், பின், இரண்டு பக்கம், சுருள், சீட்டு ஆகியவற்றின் படங்கள். எல்லாவற்றையும்விட முக்கியமாக, யார் செய்தது என்பதை எந்தச் சொல்லால் எழுதியிருக்கிறார் என்று கவனியுங்கள். 'இவர் செய்தது' என்றால் ஒன்று. 'இவருடையதாகக் கருதப்படுகிறது' என்றால் வேறு. 'இவர் பெயர்ச் சீட்டு உள்ளது' என்றால் சீட்டு இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம், வேறொன்றும் இல்லை. இந்த மூன்றுக்கும் நடுவே கோடிக்கணக்கில் வித்தியாசம் இருக்கிறது, வாசிப்பவர் கண்ணில் படாமல் போய்விடும். மூன்று, நான்கு வருடத்துக்கு ஒருமுறை இதைப் புதுப்பிக்க வேண்டும், விலைகள் நகர்ந்துகொண்டே இருக்கும்.

இனி ஏஜென்ட் சொன்ன பத்து லட்சம். வயலினின் உண்மையான மாற்று விலை 1,20,000 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். சாதாரணப் பாலிசியில் 10 லட்சம் எழுதி பிரீமியம் கட்டினாலும், நஷ்டம் வந்தால் உண்மை மதிப்புக்கு மேல் ஒரு பைசா வராது. மீதி 8,80,000க்குக் கட்டிய பிரீமியம் வீண். தவிர, ஸ்ட்ராடிவாரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு அது இல்லை என்று தெரிந்தால், தவறான தகவல் கொடுத்தார் என்று முழு க்ளெய்மையே தள்ளுபடி செய்ய அவர்களுக்கு இடம் கிடைத்துவிடும். எந்தத் தொகை எழுதுகிறோமோ அதற்குக் கீழே காகிதம் நிற்க வேண்டும்.

குறைத்து எழுதினால் வரும் கஷ்டம் வேறு மாதிரி. 4 லட்சம் பெறும் வாத்தியத்துக்கு 1 லட்சம் எழுதியிருக்கிறீர்கள், 80,000 ரூபாய்க்குச் சேதம். 'ஒரு லட்சத்துக்குள்தானே, முழுதாகக் கொடுத்துவிடுவார்கள்' என்று நினைப்போம். கால்வாசிக்குத்தான் காப்பீடு எடுத்தீர்கள் என்று கால்வாசிப் பணம், அதாவது 20,000 மட்டும் தருவார்கள். விகிதப்படி குறைக்கும் இந்த நிபந்தனை உங்கள் பாலிசியில் இருக்கிறதா என்று பாருங்கள்.

2021 ஏப்ரல் 1 முதல் வந்திருக்கும் 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுப் பாலிசியில் அந்த விகிதக் குறைப்பு கிடையாது. நல்ல விஷயம். கட்டடத்தோடு சேர்த்து எடுத்தால், கட்டடத் தொகையில் 20 சதவீதம் வரை, அதிகபட்சம் 10 லட்சத்துக்கு, வீட்டுச் சாமான்களும் தானாகவே உள்ளே வந்துவிடும். ஆனால் நகை, ஓவியம், கலைப்பொருள், பழம்பொருள் போன்ற விலையுயர்ந்தவற்றுக்கு 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்ற தனிச் சேர்க்கை வாங்க வேண்டும். அந்தச் சேர்க்கையில் மொத்தம் 5 லட்சத்துக்குள்ளும் ஒரு பொருள் 1 லட்சத்துக்குள்ளும் இருந்தால் சான்றிதழ் கேட்க மாட்டார்கள், அதற்கு மேல் கட்டாயம் வேண்டும். உங்கள் வயலினை ஏஜென்ட் சாதாரணச் சாமானாக எழுதுகிறாரா, இந்தச் சேர்க்கையில் எழுதுகிறாரா என்று கேளுங்கள். இரண்டாவதுதான் வேண்டும், அதுவும் அட்டவணையில் தனி வரியாக. நிலச்சரிவு, புயல், தீ, மரம் விழுவது எல்லாம் இதில் சேரும். 2009 நவம்பரில் குன்னூரும் கேத்தியும் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலச்சரிவு என்ற ஒரு சொல்லின் மதிப்பு தெரியும். திருட்டு மட்டும் அப்படியல்ல. மேற்சொன்ன ஆபத்து ஏதாவது நடந்து 7 நாளுக்குள் திருடு போனால்தான் இதில் கிடைக்கும். சும்மா ஒரு நாள் ராத்திரி பூட்டை உடைத்துக் கொண்டுபோனால் கிடைக்காது, அதற்குத் தனியாகத் திருட்டுக் காப்பீடு வேண்டும். கரடி கதவை உடைத்தால், குரங்கு ஓட்டைப் பிரித்து உள்ளே வந்தால் சேருமா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நம் ஊரில் அது வேடிக்கைக் கேள்வி அல்ல.

வயலினை வெளியே கச்சேரிக்கு எடுத்துப் போவதாக இருந்தால் 'ஆல் ரிஸ்க்' வகைப் பாலிசி எடுக்க வேண்டும். அதிலும் காரில் ஆள் இல்லாமல் விட்டுப் போய்த் திருடு போனால் தர மாட்டோம் என்பது போன்ற நிபந்தனைகள் இருக்கும், படித்துப் பாருங்கள்.

ஆனால் தம்பி, 30 வருடத்தில் என் பட்டறைக்கு வந்த வாத்தியங்களில் தீயிலோ நிலச்சரிவிலோ போனவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. மற்ற எல்லாவற்றையும் கெடுத்தது ஈரம். எந்தப் பாலிசியை எடுத்தாலும் தேய்மானம், பூஞ்சை, பூச்சி அரிப்பு, தட்பவெப்பத்தால் மெதுவாக வரும் கேடு, பொருளுக்குள்ளேயே இருந்த குறை இவற்றுக்குப் பணம் இல்லை என்று எழுதியிருக்கும். கம்பி அறுவதும் அப்படித்தான். அதாவது இந்த மலையில் வாத்தியங்களுக்கு உண்மையில் என்ன ஆகிறதோ அதற்குக் காப்பீடு இல்லை. ஊட்டிக்கு ஜூன் முதல் தென்மேற்கு மழை, குன்னூருக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்கு மழை. அந்த மாதங்களில் என் பட்டறைச் சுவரில் மாட்டியிருக்கும் ஈரமானி 85 சதவீதத்தைத் தாண்டி நிற்கும். மரவாத்தியத்துக்கு 40 முதல் 60 வரை இருந்தால் நல்லது. பழைய வயலின்களை ஒட்டியிருப்பது வஜ்ஜிரம், அதாவது தோலைக் காய்ச்சிச் செய்யும் பசை, அது ஈரத்திலும் சூட்டிலும் விட்டுவிடும். மலையில் ஈரம் குடித்த வயலினை டிசம்பர் சீசனுக்குக் கீழே கொண்டுபோய், கோயம்புத்தூரில் மூடிய காரில் இரண்டு மணி நேரம் வைத்தால் ஓரங்கள் வாய் பிளந்துகொள்ளும். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலமும் சின்ன ஈரமானியும் வையுங்கள், சில நூறு ரூபாய்தான். இரும்பு பீரோவில் பூட்டி ஒரு வருடம் திறக்காமல் விடாதீர்கள். வில் முடியைத் தின்னும் பூச்சிக்கு இருட்டும் அமைதியும்தான் பிடிக்கும். வாரம் ஒருமுறை திறந்து, முடிந்தால் வாசியுங்கள்.

பியானோ பற்றிக் கொஞ்சம். மேல்மூடியைத் திறந்தால் இரும்புச் சட்டத்திலோ மரத்திலோ ஒரு வரிசை எண் இருக்கும். பிராட்வுட், காலர்ட் அண்ட் காலர்ட், சாப்பல், பெக்ஸ்டைன், புளூத்னர் போன்ற பெயர்பெற்ற தயாரிப்பாளர்களின் எண்களை வைத்து எந்த வருடம் செய்தது என்று பார்க்கப் பட்டியல்கள் இருக்கின்றன. விரலால் அழுத்தி வாசிக்கும் கட்டைகளின் மூடியில் இருக்கும் பெயர் செய்தவருடையதாக இல்லாமல் விற்ற கடையுடையதாகவும் இருக்கலாம். மெட்ராஸில் 1842இல் தொடங்கி இன்று மியூசி மியூசிகல் என்று தெரிந்திருக்கும் மிஸ்கித் கடை அப்படி ஒன்று. கட்டைகளில் பித்தளை ஆணியும் மூலைகளில் திருகும் தென்பட்டால், நம் போன்ற வெப்ப நாடுகளுக்கென்றே கெட்டியாகச் செய்து அனுப்பியது, அது ஒரு நல்ல அடையாளம். கம்பிகள் எல்லாம் செங்குத்தாக, குறுக்கே போகாமல் இருந்து, சுத்தியலுக்கு முன்னால் பறவைக்கூண்டு மாதிரி கம்பிவரிசை மறைத்துக்கொண்டிருந்தால் பழைய ஆங்கில வகை. பார்க்க அழகு, விலை குறைவு. கம்பிகளைச் சுற்றியிருக்கும் சுதி முளைகள் இறுக்கமாக நிற்கின்றனவா என்பதுதான் கடைசித் தீர்ப்பு. எல்லாக் கம்பிகளும் சேர்ந்து 15 டன்னுக்கு மேல் இழுத்துக்கொண்டிருக்கும், முளை பதித்த பலகை ஈரத்தில் வெடித்திருந்தால் அது சுதியில் நிற்கவே நிற்காது. பழைய அப்ரைட்களில் பாதிக்கு மேல் பழுதுச் செலவு பியானோவின் விலையைத் தாண்டிவிடும். ஐந்து லட்சம் எழுதுவதற்கு முன்னால் ஒரு டியூனரை வரவழைத்துக் காட்டுங்கள். கணப்புக்குப் பக்கத்தில் இருந்தால் இன்றே நகர்த்துங்கள். உள்ளே சாதாரண பல்பு எரியவிட்டு ஈரத்தை விரட்டும் வழக்கம் இங்கே உண்டு. ஃபெல்ட் துணிக்குப் பக்கத்தில் அது தீ ஆபத்து, பியானோவுக்கென்றே விற்கும் ஈரம்நீக்கி ஹீட்டர் கம்பி போதும்.

வெள்ளைக் கட்டைகளில் ஒவ்வொன்றும் இரண்டு துண்டாக ஒட்டி, நடுவே மெல்லிய இணைப்புக் கோடு தெரிந்து, மரம் போல் நுண்வரியும் ஓடினால் அது யானைத் தந்தமாக இருக்கலாம். இந்தியத் தந்தத்துக்கு 1986இலும் ஆப்பிரிக்கத் தந்தத்துக்கு 1991இலும் நம் நாட்டில் வியாபாரத் தடை வந்துவிட்டது. தந்தத்துக்கென்று சட்டப்படியான விலை கிடையாது. வனத்துறை அலுவலகத்தில் முறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். பாலிசியில் பிளாஸ்டிக் கட்டை போட்டுப் புதுப்பிக்கும் செலவையே அடிப்படையாக எழுதச் சொல்லுங்கள். பழைய தஞ்சாவூர் வீணைகளில் தந்த வேலைப்பாடு இருந்தாலும் இதே கதைதான். 100 வருடத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தடையாக இருப்பதால், வயலின் வயது அந்தப் பக்கம் வந்தால், மதிப்பிடவோ வாசிக்கவோ வெளிநாட்டுக்கு எடுத்துச் செல்லும் முன் தொல்லியல் துறையைக் கேளுங்கள்.

வீணை என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. ஃபெர்ன்ஹில் பக்கம் ஒரு வீட்டின் மேல் மழைக்காலத்தில் கற்பூர மரம் விழுந்தது. கீழே அறையில் ஒரே பலாமரத்தில் குடைந்த ஏகாந்த வீணை. குடம் நெடுக்காகப் பிளந்து, யாளி முகம் தனியாகக் கிடந்தது. அந்த அம்மாள் 1970களில் வாங்கியது. ரசீது இல்லை, படம் இல்லை. கடைசியில் மகள் கல்யாண ஆல்பத்தில், மேடை ஓரத்தில் பாதி மட்டும் தெரிந்த வீணையைக் காட்டினார்கள். அது ஏகாந்தமா, துண்டு சேர்த்து ஒட்டியதா என்று அந்தப் படத்தில் தெரியவில்லை. நிறுவனம் ஒட்டு வீணைக்கான விலையைத்தான் தந்தது. நான் உடைந்த துண்டுகளைப் பார்த்து ஏகாந்தம்தான் என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குள் கணக்கை முடித்துவிட்டார்கள். ஒரு பத்து நிமிடம் ஒதுக்கி முன்பே எட்டுப் படம் எடுத்து வைத்திருந்தால் அந்த அம்மாளுக்கு நியாயமான பணம் கிடைத்திருக்கும்.

அதனால் இந்த ஞாயிற்றுக்கிழமை, பனி விலகிய பகல் வெளிச்சத்தில், வெள்ளைத் துணி விரித்து வயலினையும் வில்லையும் எல்லாப் பக்கமும் படம் எடுங்கள். அளவுகோல் ஒன்றையும் பக்கத்தில் வையுங்கள். பியானோவின் வரிசை எண்ணையும் உள்பக்கத்தையும் எடுங்கள். படங்களை வீட்டில் மட்டும் வைக்காமல் வெளியூரில் இருக்கும் தங்கைக்கோ அண்ணனுக்கோ அனுப்பிவையுங்கள். சான்றிதழ் வரும்வரை வயலினைச் சாதாரணத் தொகையில், உண்மையாகச் சொல்லி, பாலிசியில் சேர்த்துக்கொள்ளலாம். பிறகு திருத்தம் போட்டு உயர்த்தலாம். நிலைக் குறிப்புக்காக என்னிடம் கொண்டுவருவதானால் மழை விட்டு ஜனவரியில் வாருங்கள். பாலிஷ் போட்டு, எண்ணெய் தடவி, சீட்டைச் சுரண்டிப் பார்த்து என்று எதுவும் செய்ய வேண்டாம். தாத்தா பெட்டியை மூடி வைத்தது எப்படியோ, அப்படியே கொண்டு வாருங்கள்.